'ஐ' எங்கே, 'மீ' எங்கே?



உங்கள் வீட்டிலும் நடந்திருக்கக்கூடிய ஒரு சிறு நிகழ்ச்சியைச் சொல்ல விழைகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் என் மகள் பத்தாம் வகுப்பில் படித்துக் கொண்டிருந்தாள். விடுப்புக் கடிதம் எழுதும் பயிற்சியில், "மை மதர் அண்ட் மீ ஆர் கோயிங் டு எ வெட்டிங்" என்று எழுதியிருந்தாள். ஆசிரியை 'மீ'யைச் சுற்றிச் சிவப்பு மையால் வட்டமிட்டு, 'ஐ' என்று திருத்தியிருந்தார். காரணம் எழுதவில்லை. அன்று முதல் 'மீ' என்ற சொல்லைக் கண்டாலே அவளுக்கு அச்சம். அடுத்த பயிற்சியில், "த டீச்சர் கால்டு மை மதர் அண்ட் ஐ" என்று எழுதினாள். அதற்கும் வட்டம்! இம்முறை 'ஐ' தவறு, 'மீ' சரி.

நோட்டை என் முன் வைத்து, "அங்கே 'மீ' தப்பு, இங்கே 'ஐ' தப்பு. நான் எதைத்தான் எழுதுவது வாப்பா? எனக்கு இங்கிலீஷ் வராது. பத்தாவதோடு நிறுத்திக் கொள்கிறேன்" என்று கண் கலங்கினாள்.

அந்தக் கடைசி வாக்கியம் என்னைச் சுட்டது. பெண்பிள்ளையின் படிப்பை நிறுத்த நம் வீடுகளில் பெரிய காரணம் எதுவும் தேவைப்படுவதில்லை என்பதை நீங்கள் அறிவீர்கள். ஆனால் அவளுக்கு விளக்கிச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அலுவலகத்தில் இருபது ஆண்டுகள் ஆங்கிலக் கடிதம் எழுதியவன் நான்; அதுவும் பழக்கத்தால் எழுதியதே. என் அறியாமையை மறைக்க, "கவனமாகப் படித்தால் தானே வரும்!" என்று கடிந்து கொண்டேன்.

அப்போது அடுப்படியிலிருந்து என் மனைவி வந்தார். நிஸ்வான் மதரஸாவில் ஓதியவர். ஆங்கிலம் அதிகம் அறியாதவர். "அந்த வாக்கியத்தைத் தமிழில் சொல்லும்மா" என்றார்.

"டீச்சர் உம்மாவையும் என்னையும் கூப்பிட்டார்கள்."

"'உம்மாவையும் நானும் கூப்பிட்டார்கள்' என்று ஏன் சொல்லவில்லை?"

மகள் அழுகையை மறந்து சிரித்து விட்டாள்.

"கூப்பிட்டவர் ஃபாஇல், கூப்பிடப்பட்டவர் மஃப்ஊல். அரபியில் 'ஹுவ' என்றால் அவன். 'அவனை' என்னும்போது 'ஹு' என்று வினையோடு ஒட்டிக் கொள்ளும். இங்கிலீஷிலும் அப்படி இருக்கும், பார்" என்றார்.

இருக்கத்தான் செய்கிறது வாசகர்களே! செய்பவரைக் குறிக்க ஐ, வீ, ஹீ, ஷீ, தே, ஹூ. செயலை ஏற்பவரைக் குறிக்க மீ, அஸ், ஹிம், ஹெர், தெம், ஹூம். 'யூ', 'இட்' இரண்டும் மாறுவதில்லை. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஆங்கிலத்தில் பெயர்ச்சொற்களும் வேற்றுமைக்கேற்ப உருமாறின. காலப்போக்கில் அவ்வீறுகள் தேய்ந்து, பிரதிப் பெயர்களில் மட்டும் இந்த வேறுபாடு எஞ்சிற்று. தமிழில் இரண்டாம் வேற்றுமை உருபு 'ஐ'. ஆங்கிலத்திலோ எழுவாயே 'ஐ'! பிள்ளைகள் குழம்புவதில் வியப்பென்ன?

குழப்பம் பெரும்பாலும் இருவர் சேர்ந்து வருமிடத்தில்தான். அங்கே உடன் வந்தவரைச் சற்று விலக்கிப் பாருங்கள். "மீ ஆம் கோயிங்" என்று எவரும் எழுதார். ஆகவே "மை மதர் அண்ட் ஐ". "கால்டு ஐ" என்றும் எழுதார். ஆகவே "மை மதர் அண்ட் மீ". டு, ஃபார், வித், பிட்வீன் போன்ற முன்னிடைச் சொற்களுக்குப் பின்னும் 'மீ' வகையே வரும். அரபியிலும் 'லஹு', அதாவது 'அவனுக்கு' என்னும்போது, அதே 'ஹு'தானே வருகிறது!

முன்னால் நிற்பதெல்லாம் எழுவாய் ஆகிவிடாது என்பதையும் நினைவில் வையுங்கள். தொழுகையில் ஓதும் ஃபாத்திஹா சூராவிலுள்ள 'இய்யாக்க' என்ற சொல் வினைக்கு முன் நிற்கிறது. ஆயினும் அது செயப்படுபொருளே. அவ்வாறு முற்பட வந்ததால்தான் 'உன்னை மட்டுமே' என்னும் அழுத்தம் பெறுகிறது. ஆங்கிலத்தின் 'ஹூம்' என்பதும் கேள்வியின் தொடக்கத்தில் நிற்கும் செயப்படுபொருளே. விடை 'ஹீ' என வருமாயின் 'ஹூ'. 'ஹிம்' என வருமாயின் 'ஹூம்'.

இதில் தடுமாறுவது நம் பிள்ளைகள் மட்டுமல்லர். 'பிட்வீன் யூ அண்ட் மீ' என்பதே இலக்கண நூல்கள் கூறும் முறை. ஆனால் ஷேக்ஸ்பியரின் 'வெனிஸ் நகர வணிகன்' நாடகத்தில், அன்டோனியோவின் கடிதத்தில் அவ்விடத்தில் 'ஐ' என்றே வருகிறது! கதவைத் தட்டியவர் "இட் ஈஸ் ஐ" என்று சொல்ல வேண்டுமென இலக்கணம் வற்புறுத்தினாலும், ஆங்கிலேயர் தம் வீட்டில் "இட் ஈஸ் மீ" என்றே சொல்கின்றனர். தேர்வுத் தாளில் இலக்கணத்தைப் பேணட்டும், பேச்சில் அஞ்சாதிருக்கட்டும்.

அன்றிரவு மகள் இரண்டு கடிதங்களையும் மீண்டும் எழுதினாள். காரணம் அறிந்து எழுதினாள். அல்ஹம்துலில்லாஹ், அவள் படிப்பு பத்தாவதோடு நிற்கவில்லை. இன்று கல்லூரியில் பயில்கிறாள். ஆங்கிலம் அறிந்த நான் அன்று கடிந்து கொண்டேன். அறியாத அவள் உம்மா அருகில் அமர்ந்தார். அதை நினைக்கும்போதெல்லாம் நாணுகிறேன்.

ஆகவே அன்புப் பெற்றோர்களே! பிள்ளையின் நோட்டில் சிவப்பு வட்டத்தைக் கண்டால், "படித்தது போதும்" என்று சொல்வதற்கு முன் சற்றே அருகில் அமருங்கள். உங்களுக்கு ஆங்கிலம் தெரியாதிருக்கலாம். தமிழ் தெரியும், ஓதிய அரபியும் உண்டு. அவற்றைக் கொண்டே வழி காட்டலாம். வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளின் கல்வியில் பரக்கத் செய்வானாக! ஆமீன்.