தாள் வாங்கப் போய் எண்ணூர் வரை

சென்னைக்கு விருந்தாளி வந்தால் எங்கே அழைத்துப் போகிறோம்? மெரீனா, மயிலாப்பூர், மிஞ்சினால் மாமல்லபுரம். பாரிமுனைக்கு வடக்கேயும் ஒரு சென்னை இருக்கிறது என்பது பல பேருக்கு ஞாபகமே வருவதில்லை. "அங்கே என்ன இருக்கிறது? புகையும் லாரியும்தானே!" என்று ஒரே வார்த்தையில் தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள்.

புகையும் லாரியும் இருப்பது வாஸ்தவம். ஆனால் கொலுவுக்கோ, குழந்தையின் பிறந்த நாளுக்கோ நாலு பேருக்குக் கொடுக்க அழகான காகிதப் பையும் வாழ்த்து அட்டையும் சொந்தக் கையால் செய்ய ஆசைப்படுகிற சகோதரிகள், ஒரு முறையாவது அந்தப் பக்கம் போய் வர வேண்டும். ஒரு பை எங்கே பிறக்கிறது, கடைசியில் எங்கே போய்ச் சேருகிறது என்ற முழு ஜாதகமும் அந்த ஒரே சாலையில் எழுதியிருக்கிறது.

தாள்களின் தெரு

பாரிமுனையிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருக்கிறது ஆண்டர்சன் தெரு. சென்னையில் கல்யாணப் பத்திரிகை அடிக்க நினைத்தவர்களில் இந்தத் தெருவை மிதிக்காதவர்கள் குறைவு. குறுகலான தெருதான். ஆனால் அங்கே இல்லாத தாள் இல்லை. பளபளப்புத் தாள், சொரசொரப்புத் தாள், தங்க ரேகை ஓடும் தாள், சந்தன நிறத் தாள் என்று அடுக்கி வைத்திருப்பதைப் பார்த்தால், புடவைக் கடைக்குள் நுழைந்தது போன்ற மயக்கம் வந்துவிடும். எதை எடுப்பது, எதை விடுவது?

இங்கே ஒரு சின்ன விஷயம் தெரிந்திருந்தால் போதும். தாளின் கனத்தை 'ஜி.எஸ்.எம்.' என்று சொல்லுவார்கள். ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் எடை என்பதுதான் அந்தக் கணக்கு. நாம் எழுதுகிற நோட்டுத் தாள் 60, 70 இருக்கும். கைப்பை செய்ய 120 முதல் 150 வரை நல்லது. வாழ்த்து அட்டைக்கு 200க்கு மேல் வேண்டும். அதற்கு மேல் கனமான தாளைப் பைக்கு வாங்கினால் மடிக்கிற இடத்தில் வெடிக்கும். அதற்குக் கீழே போனால் பை நிற்காது, உட்கார்ந்துவிடும்!

துணியாக இருந்தது தாளாகிறது

அங்கிருந்து வடக்கே நகர்ந்தால் ராயபுரம். 1856ல் தென்னிந்தியாவின் முதல் ரயில் புறப்பட்டது இந்த ராயபுரம் ஸ்டேஷனிலிருந்துதான். பெரிய தூண்களோடு அந்தக் கட்டடம் இன்றும் நிற்கிறது. துறைமுகம் கட்டுவதற்கு முன்னால், நடுக்கடலில் நிற்கும் கப்பலிலிருந்து சாமான்களைக் கரை சேர்த்தவர்கள் இந்தப் பக்கத்துப் படகுக்காரர்கள். அவர்களுடைய மசூலாப் படகில் ஆணி கிடையாது. பலகைகளைத் தேங்காய் நார்க் கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை அடிக்கும்போது ஆணி அடித்த படகு பிளந்து போகும். தைத்த படகு வளைந்து கொடுக்கும்.

அடுத்தது பழைய வண்ணாரப்பேட்டை. ஒரு காலத்தில் கம்பெனி ஏற்றுமதி செய்த துணிகளை வெளுத்துக் கொடுத்தவர்கள் குடியிருந்ததால் வந்த பெயர். இன்றைக்கும் எம்.சி. ரோடில் ஜவுளிக் கடைகளின் கூட்டம் நம்மைத் தள்ளிக் கொண்டே போகும். இன்னும் வடக்கே காலடிப்பேட்டை. யாரோ மகானின் காலடி பட்ட இடம் என்று நினைத்துவிடாதீர்கள்! 1717 முதல் 1720 வரை சென்னை கவர்னராக இருந்த ஜோசப் காலெட் என்பவர் நெசவாளர்களுக்காக ஏற்படுத்திய ஊர் இது. 'காலெட்பேட்டை' மக்கள் வாயில் புகுந்து காலடிப்பேட்டை ஆயிற்று.

காகிதப் பையைப் பற்றிச் சொல்ல வந்துவிட்டு நெசவையும் வெளுப்பையும் எதற்கு இழுக்கிறேன் என்று கேட்கிறீர்களா? சம்பந்தம் இருக்கிறது. கைத்தாள் என்கிறோமே, அதற்கு மரம் வெட்ட வேண்டியதில்லை. பருத்தித் துணியின் வெட்டுத் துண்டுகள்தான் அதற்கு மூலப் பொருள். துண்டுகளை இன்னும் பொடியாக நறுக்கி, தண்ணீரோடு சேர்த்து இயந்திரத்தில் அடித்து, தோசை மாவு போலக் கூழாக்குகிறார்கள். தொட்டியில் கரைத்த அந்தக் கூழில் வலைச் சட்டத்தை முக்கித் தூக்கினால் தண்ணீர் வடிந்து, சட்டத்தின் மேல் மெல்லிய ஆடை படிகிறது. அதைத் துணிமேல் கவிழ்த்து, அடுக்கி, அழுத்திப் பிழிந்து, கொடியில் உலர்த்தினால் தாள்! உலர்ந்த பிறகு பசை பூசி வழவழப்பாக்குவதும் உண்டு.

புதுச்சேரியில் அரவிந்தாசிரமத்தின் கைத்தாள் தொழிற்சாலை 1959 முதல் இந்த வேலையைச் செய்து பெயர் வாங்கியிருக்கிறது. அதற்கும் முன்பே, 1934ல் காந்திஜி தொடங்கிய அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கம் கைத்தாளைத் தன் காரியங்களில் ஒன்றாக எடுத்துக் கொண்டது. அந்தச் சங்கத்தை நடத்தியவர் நம் தஞ்சாவூரில் பிறந்த ஜே. சி. குமரப்பா. ஆகவே, கைத்தாளில் ஒரு பை செய்கிறோம் என்றால், கிழிந்து போன துணிக்கு இரண்டாவது ஜன்மம் கொடுக்கிறோம் என்று அர்த்தம்.

அம்மன் கொடுத்த பாடம்

திருவொற்றியூர் வந்துவிட்டது. தியாகராஜ சுவாமி கோவிலையும் வடிவுடை அம்மனையும் பெண்களுக்கு அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. பௌர்ணமியன்று மேலூர் திருவுடை அம்மன், திருவொற்றியூர் வடிவுடை அம்மன், திருமுல்லைவாயில் கொடியிடை அம்மன் மூவரையும் ஒரே நாளில் தரிசிப்பவர்கள் எத்தனையோ பேர்.

கோவிலில் தருகிற குங்குமத்தை ஒரு துண்டுக் காகிதத்தில் வைத்து மடிக்கிறோமே, அந்தப் பொட்டலத்தைக் கவனித்திருக்கிறீர்களா? பசை இல்லை, நூல் இல்லை. வெறும் மடிப்புத்தான் குங்குமத்தைக் கொட்டாமல் காக்கிறது. காகித வேலையின் ரகசியம் முழுவதும் அதில் அடங்கியிருக்கிறது. மடிப்பு கூர்மையாக இருந்தால் பசைக்கு வேலை குறைவு. இனி பை செய்ய உட்காரலாம்.

கைத்தாள் சாதாரணமாக 22க்கு 30 அங்குலத்தில் கிடைக்கும். அதில் 17 அங்குல நீளமும் பத்தரை அங்குல உயரமும் கொண்ட இரண்டு துண்டுகள் எடுக்கலாம். ஒவ்வொன்றும் ஒரு பை. மிஞ்சுகிற 9 அங்குலப் பட்டையில் 10க்கு 7 அங்குலமாக இரண்டு துண்டுகள் வெட்டி, நடுவில் மடித்தால் இரண்டு வாழ்த்து அட்டைகள். பைக்கு வாங்கிய தாள் அட்டைக்குக் கொஞ்சம் மெல்லிசுதான். உள்ளே இன்னொரு தாள் ஒட்டினால் நிமிர்ந்து நிற்கும். இன்னும் மிஞ்சுவதில் பெயர்ச் சீட்டுகள். சமையலறையில் சிக்கனம் தெரிந்தவர்களுக்கு இந்தக் கணக்கைச் சொல்லித் தரவா வேண்டும்?

பைக்கு உண்டான துண்டில், நீளவாட்டில் 5, 3, 5, 3, 1 அங்குலம் என்று பென்சிலால் கோடு போடுங்கள். மேலே ஒன்றரை அங்குலம், கீழே இரண்டு அங்குலம் விட்டுக் குறுக்குக் கோடுகள். ஸ்கேலை வைத்து, கரண்டிக் காம்பால் கோட்டின் மேல் அழுத்தி இழுத்தால் மடிப்பு நேராக விழும். மேல் ஒன்றரை அங்குலத்தை உட்புறமாக மடித்து, உள்ளே ஓர் அட்டைப் பட்டையைச் செருகி ஒட்ட வேண்டும். கைப்பிடியின் பாரத்தைத் தாங்குவது இந்தப் பட்டைதான். பிறகு ஓரத்து ஓர் அங்குலத்தில் பசை தடவி ஒட்டினால் குழாய் போல ஆகும். அடிப்பாகத்தில் முதலில் குறுகிய பக்கங்கள், அப்புறம் அகலப் பக்கங்கள் என்று மடித்து ஒட்டி, உள்ளே அடிக்கு அளவாக ஓர் அட்டை. மேலே துளையிட்டுச் சணல் கயிறு கோத்தால் ஏழு அங்குல உயரத்தில் பை தயார்.

பசைக்குக் கடைக்கு ஓட வேண்டாம். ஒரு பங்கு மைதாவுக்கு நாலைந்து பங்கு தண்ணீர் விட்டுக் கட்டியில்லாமல் காய்ச்சினால் போதும். அன்றன்றைக்குக் காய்ச்சுவது நல்லது. பழைய பசை புளித்துப் பூச்சியை அழைக்கும். ஒட்டிய பையைக் கனமான புத்தகங்களுக்கு அடியில் ஓர் இரவு வைத்த பிறகுதான் கயிறு கோக்க வேண்டும்.

அலங்காரம் உங்கள் இஷ்டம். உருளைக்கிழங்கை இரண்டாக வெட்டி, மாங்காய் வடிவம் செதுக்கிச் சாயத்தில் தொட்டு அச்சு வைக்கலாம். புள்ளிக் கோலம் போடலாம். மினுமினுக்கும் பிளாஸ்டிக் ஜிகினாத் தூள் மட்டும் வேண்டாம். ஏன் வேண்டாம் என்பது எண்ணூர் போனால் தெரியும்.

ஆற்று முகத்தில்

தீப்பெட்டிக் கம்பெனியின் பெயரைத் தாங்கிய விம்கோ நகர் வரை, 2021 பிப்ரவரியிலிருந்து மெட்ரோ ரயிலே போகிறது. அதைத் தாண்டி எர்ணாவூர், கத்திவாக்கம், அப்புறம் எண்ணூர். கொசஸ்தலை ஆறு கடலோடு கலக்கிற இடம். ஒரு புறம் அனல் மின் நிலையத்தின் புகைபோக்கிகள். இன்னொரு புறம் 2001ல் திறந்த காமராஜர் துறைமுகம். நடுவில் ஆழமில்லாத தண்ணீரும் சேறும் அலையாத்திச் செடிகளும்.

அந்தத் தண்ணீரில் இருளர் சமூகப் பெண்கள் கையாலேயே இறால் பிடிக்கிறார்கள். வலை இல்லை, தூண்டில் இல்லை. குனிந்து, தவழ்ந்து, சேற்றைத் துழாவி, விரலில் தட்டுப்படுகிற இறாலை எடுக்கிறார்கள். இரண்டு கைகளுக்கும் வேலை இருப்பதால், இறாலைப் போடுகிற பனையோலைப் பறியைப் பல்லால் கடித்துக் கொள்கிறார்கள்! பாரிமுனையில் தொடங்கிய நம் பிரயாணத்தில் பார்த்த பைகளில் எல்லாம் பெரிய பை அந்தச் சிறிய பறிதான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரு குடும்பத்தின் அன்றைய சாப்பாடு அதற்குள் இருக்கிறது.

அந்தத் தண்ணீருக்கு வந்த சோதனைகள் கொஞ்சமல்ல. 2017 ஜனவரி 28ந் தேதி துறைமுகத்துக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதி, கடலில் எண்ணெய் கொட்டியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து ஆற்று முகத்தில் படர்ந்தது. இவற்றையெல்லாம் நம் வீட்டுக் காகிதப் பை தடுத்துவிடுமா? தடுக்காது. ஆனால் நாம் தூக்கி எறிகிற பிளாஸ்டிக் பை நம் கையில்தானே இருக்கிறது? சாக்கடைக்குப் போனது கால்வாய்க்குப் போகும். கால்வாய்க்குப் போனது கழிமுகத்துக்குப் போகும். இறால் தட்டுப்பட வேண்டிய விரலில் நம் பிறந்த நாள் பை தட்டுப்படுவது நியாயமா?

தமிழ்நாடு அரசு 2019 ஜனவரி 1 முதல் ஒரு முறை உபயோகித்து எறியும் பதினாலு வகைப் பிளாஸ்டிக் பொருள்களைத் தடை செய்தது. அந்தப் பட்டியலில் பிளாஸ்டிக் பூச்சுள்ள பைகளும் உண்டு என்பதைப் பலர் கவனிப்பதில்லை. கடையில் கண்ணைப் பறிக்கும் பரிசுப் பைகளில் சில, மேலுக்குக் காகிதம். அதன்மேல் கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் போர்வை. சோதிப்பது சுலபம். ஓரத்தைக் கொஞ்சம் கிழித்துப் பாருங்கள். நிஜக் காகிதம் நார் நாராகக் கிழியும். போர்வை போட்டது ஜவ்வு போல இழுபடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வீட்டில் இரண்டு பை மடித்துப் பார்த்தவர்களுக்கு இடுப்பு எப்படி வலிக்கும் என்று தெரியும். காகிதப் பை ஒட்டியே பிழைக்கிற பெண்களுக்கு எண்ணிக்கைக்குத்தான் கூலி. அடுத்த தடவை கடையில் கையால் செய்த பையைப் பார்த்து, "வெறும் காகிதத்துக்கா இவ்வளவு விலை?" என்று பேரம் பேச வாயெடுக்கும்போது, தாளுக்கு ஒரு விலை, அதை மடித்த விரலுக்கு ஒரு விலை என்பதை நினைத்துக் கொள்ளுங்கள்.

பரிசை எடுத்துக் கொண்டு பையை எறிந்துவிடுவது உலக வழக்கம். எறிந்தாலும் எவர் விரலையும் அறுக்காமல் மண்ணோடு மண்ணாகிப் போகிற பையில் வைத்துக் கொடுத்தால், அந்தப் பரிசு இன்னும் கொஞ்சம் பெரியதாகிவிடாதா?