போர்டில் எழுதிய பாஸ்வேர்டு

பி.காம். படித்தவனுக்கு வைஃபை பூட்டை நோண்டும் சாஃப்ட்வேரில் என்ன வேலை என்று கேட்பீர்கள். ஆடிட் என்றால் என்ன சார்? கல்லாவில் இவ்வளவு இருக்கிறது என்று நோட்டு சொன்னால், நம்பாமல் கல்லாவைத் திறந்து எண்ணிப் பார்ப்பது. ஏர்கிராக்-என்ஜி செய்வதும் அதேதான்.

2004-ல் வெறும் ஏர்கிராக்காகப் பிறந்தது. 2006-ல் வால் முளைத்து 'என்ஜி' ஆனது. இலவசம். விண்டோஸுக்கும் உண்டு, ஆனால் அங்கே அது பாதி ஆள்தான். காற்றில் போகிற சிக்னலைப் பிடிக்க வேண்டுமென்றால் பெரும்பாலான விண்டோஸ் டிரைவர்கள் முரண்டு பிடிக்கும். லினக்ஸில் பிடித்த ஃபைலைக் கொண்டுவந்து கொடுத்தால், பாஸ்வேர்டை விண்டோஸிலேயே உட்கார்ந்து தேடும்.

இதன் அப்டேட்களைப் படிப்பது எனக்கு க்ரைம் நாவல் மாதிரி. முன்பெல்லாம் யாராவது ஒருவர் வைஃபையில் நுழைகிற நேரம் பார்த்துக் காத்திருக்க வேண்டும். 2018 ஆகஸ்டில், பல ரவுட்டர்கள் ஆளே இல்லாதபோதும் தேவையான துப்பைக் கக்கிவிடும் என்று கண்டுபிடித்தார்கள். பிஎம்கேஐடி என்று பெயர். அந்த வருடமே 1.4 வெர்ஷனில் அந்த வித்தை வந்துவிட்டது. 2022-ல் 1.7 வந்தது. உங்கள் ரவுட்டருக்குக் கடைசியாக எப்போது அப்டேட் போட்டீர்கள்? சரி, விடுங்கள்.

எனக்குத் தெரிந்த ஆடிட்டர் ஒருவர். அவர் ஆபீஸ் வைஃபையின் பாஸ்வேர்டு, அவருடைய மொபைல் நம்பர். அந்த நம்பர் வாசல் போர்டில் பெரிய எழுத்தில் இருக்கிறது.

"பத்து இலக்கம் தம்பி. எவன் கண்டுபிடிப்பான்?"

கணக்குப் போட்டுக் காட்டினேன். நம்மூர் மொபைல் நம்பர் 6, 7, 8, 9-ல்தான் ஆரம்பிக்கும். மொத்தம் 400 கோடி. நல்ல கேம் கார்டு ஒன்று விநாடிக்கு நாலு லட்சம் பாஸ்வேர்டு முயலும். ஆக 10,000 விநாடி, மூன்று மணி நேரம்கூட இல்லை. போர்டைப் படிக்கத் தெரிந்தவனுக்கு அதுவும் வேண்டாம்.

சோதித்துப் பார் என்றார். எழுதிக் கொடுங்கள் என்றேன். முறைத்தார். அனுமதியில்லாமல் அடுத்தவர் நெட்வொர்க்கில் கை வைத்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66-வது பிரிவில் மூன்று வருடம் வரை ஜெயில், அல்லது ஐந்து லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். லெட்டர்ஹெட்டில் எழுதி, சீல் குத்திக் கொடுத்தார். (ஆடிட்டர் அல்லவா!)

ஃபைலைப் பிடித்து, என் லேப்டாப்பில் ஏர்கிராக்கிடம் ஒரு பட்டியலோடு கொடுத்தேன். பட்டியலின் முதல் வரி போர்டு நம்பர். என்டர் தட்டிய கை எடுப்பதற்குள் 'கீ ஃபவுண்ட்' என்று வந்துவிட்டது.

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. எழுந்துபோய் ஆபீஸின் பொது ஃபோல்டரைத் திறந்தார். பூட்டு கிடையாது, வைஃபைக்குள் வந்த எவரும் பார்க்கலாம். க்ளையண்ட்களின் பான் கார்டு, பேங்க் ஸ்டேட்மெண்ட், ஒருவருடைய விவாகரத்து ஜீவனாம்சக் கணக்குகூட.

"நாலு வருஷமா இதே பாஸ்வேர்டுதான்" என்றார். "வேலையை விட்டுப் போன பசங்களுக்கும் தெரியும்."

யாராவது பார்த்திருப்பார்களா என்று கேட்டார். அதை ஏர்கிராக் சொல்லாது என்றேன். அன்றிரவு ஒன்பது மணிவரை உட்கார்ந்து ஃபோல்டர்களைத் தானே பூட்டினார். வைஃபை பாஸ்வேர்டையும் மாற்றிவிட்டார்.

புதுசு என்னவென்று என்னிடம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.