விலை ஏன் நிமிர்ந்து நிற்கிறது?

உயர்தரப் பொருளியல் எழுதப்போகும் எங்கள் இறக்குவானை, தெரணியகலைப் பக்கத்துத் தம்பி தங்கைகளுக்கு: வரைபடத்தைக் கடைசி ஐந்து நிமிடத்துக்கு விட்டுவைக்காதீர்கள். அச்சுக்குப் பெயர் எழுதாத வளையி வெறும் கோடுதான்.

விலையை ஏன் நிலைக்குத்து அச்சில் போடுகிறோம் என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. 1838இல் பொருளியலாளர் கூர்னோ விலையைக் கிடை அச்சில்தான் வைத்தார். 1890இல் வந்த மார்ஷலின் நூல் அதை நிமிர்த்தியது, அதுவே வழக்கமாகிவிட்டது.

எனக்கு உறுத்துவது குறைந்தபட்சக் கூலி வரைபடம். சமநிலைக்கு மேலே ஒரு கிடைக்கோடு, மிகை உழைப்பு, முடிந்தது கதை. 2021இல் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1000 ரூபாய் என்று வர்த்தமானியில் வருவதற்கு முன் நடந்த வருடக்கணக்கான போராட்டம் அந்தக் கோட்டில் தெரியாது. தோட்டங்களில் ஆள் போதவில்லை என்று துரைமார் சொல்வதும் அந்த மிகையோடு ஒட்டாது. அந்த வரைபடம் பல முதலாளிகள் போட்டியிடும் சந்தையின் படம். வேலை கொடுப்பவர் ஒருவரே என்றால், குறைந்தபட்சக் கூலி வேலைவாய்ப்பைக் கூட்டவும் செய்யலாம்.

பரீட்சையில் கேட்ட படத்தையே வரையுங்கள், புள்ளி அதற்குத்தான். பென்சில் இரண்டு, அடிமட்டம் ஒன்று மறக்காதீர்கள்.