நெஞ்சுக்குள் பூனைக்குட்டி

எங்கள் வீட்டில் அந்த விஷயத்தை முதலில் கண்டுபிடித்தவள் நான்கு வயது நிரம்பாத என் மூத்த மகள். தொட்டிலில் கிடந்த தங்கையின் மார்பில் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "அப்பா, பாப்பா நெஞ்சுக்குள்ள பூனக்குட்டி இருக்கு, கொர்ருங்குது" என்றாள். குழந்தைகளின் கற்பனையைக் கேட்டுச் சிரிப்பது பெரியவர்களின் வழக்கமாகையால் நானும் சிரித்தேன். சிரித்தபடியே என் உள்ளங்கையையும் அதே இடத்தில் வைத்தேன். பூனைக்குட்டி இருக்கத்தான் செய்தது.

கேகாலை மாவட்டத்தில், யட்டியாந்தோட்டைக்கு மேலே, றப்பர்த் தோட்டமொன்றில் நான் கணக்கப்பிள்ளை. விடியுமுன் மரத்துக்கு மரம் பட்டை சீவிச் சிரட்டை வைத்துவிட்டுப் போன பெண்கள் முற்பகலில் வாளிகளில் பாலைச் சேர்த்துக்கொண்டு வந்து வரிசையில் நிற்க, அதை நிறுத்து, தண்ணீர் கலந்திருக்கிறதா என்று கண்ணாடிக் கோலை மிதக்கவிட்டுப் பார்த்து, அவரவர் பெயருக்கு நேரே பதிவது என் உத்தியோகம். மரத்திலிருந்து வடிவதற்கும் தாயிடம் சுரப்பதற்கும் ஒரே சொல்லை வைத்த நம் பாஷையின்மேல் அதுவரை எனக்கு மனத்தாங்கல் எதுவும் இருந்ததில்லை. நாள்தோறும் மலையிலிருந்து நூற்றுக்கணக்கான கிலோ பால் இறங்கி என் தராசில் ஏறிக்கொண்டிருந்த அந்த மாதங்களில், என் வீட்டில் ஒரு சிசுவின் தொண்டைக்குள் ஓர் அவுன்ஸ் பால் இறங்குவதற்கு முக்கால் மணி நேரமாயிற்று. நாலு தரம் உறிஞ்சுவாள். விட்டுவிட்டு மூச்சு வாங்குவாள். நெற்றியில் முத்து முத்தாக வியர்வை அரும்பி, பின்னந்தலை மயிர் நனைந்து தாயின் முழங்கையில் ஒட்டிக்கொள்ளும். பசி ஆறுமுன்னே களைத்துத் தூங்கிவிட்டு, தூக்கம் தெளியுமுன்னே பசித்து அழுவாள்.

முதலில் காட்டிய இடத்தில் சளி என்று மருந்து கொடுத்தார்கள். பூனைக்குட்டியைத் தொட்ட மறுநாள் கேகாலை வைத்தியசாலைக்குக் கொண்டுபோனோம். எக்கோ எடுத்துப் பார்த்த டாக்டர், பாதி சிங்களமும் பாதி தமிழுமாக, இருதயத்தின் கீழறைகள் இரண்டுக்கும் நடுவிலுள்ள சுவரில் ஓட்டை இருப்பதாகவும், வலப்பக்கம் வழிந்த இரத்தம் மறுபடி மறுபடி நுரையீரலுக்கே போய் அங்கே வெள்ளமாகத் தேங்குவதாகவும் சொன்னார். "பொறந்தப்ப நல்லாத்தானே இருந்தா?" என்று என் மனைவி கேட்டதற்கு அவர் கொடுத்த விடை, நான் கேட்ட வைத்திய சாஸ்திர உண்மைகளுள் மிகுந்த விசித்திரமானது. பிறந்த சிசுவின் நுரையீரல் நாளங்கள் இறுகியே இருக்குமாம். அந்த இறுக்கம் எதிரே நின்று தடுப்பதால் ஓட்டை வழியே அதிகம் பாயாதாம். சில வாரங்களில் நாளங்கள் நெகிழ, நெகிழ, வழிதல் பெருகுமாம். சுகமாக வளர்கிற பிள்ளைக்கு நிகழ வேண்டிய நெகிழ்ச்சியே இவளுக்கு நோயாக வந்து முடிந்திருக்கிறது. இன்னொன்றும் சொன்னார்: சத்தத்தைக் கொண்டு ஓட்டையை அளக்கக் கூடாது, சிறிய ஓட்டைதான் பெரும்பாலும் உரத்துச் சத்தமிடும், அவற்றுள் அநேகம் தாமாகவே மூடிக்கொள்ளும். குறைகுடத்தின் கூத்தை நாம் வேறு இடங்களில் பார்த்ததில்லையா? ஆனால் எங்களுடையது நடுத்தரம். தானாக மூடும் என்று நம்பி உட்கார்ந்திருக்கத் தக்கதன்று.

வீடு திரும்பியதும் விசாரணை ஆரம்பமாயிற்று. "கிரகணத்தன்னிக்கு வெளிய வராதடின்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன்" என்றார் என் தாயார். என் மனைவி அதற்குப் பதில் பேசவில்லை. அவளிடம் அதைவிடக் கனமான குற்றச்சாட்டு ஒன்று ஏற்கெனவே இருந்தது. மாசமாயிருக்கையில் பால் வாளியை இடுப்பில் வைத்துக்கொண்டு சரிவில் இறங்கினாளாம். கருவில் இருதயத்தின் சுவர்கள் ஏறக்குறைய எட்டாவது வாரத்துக்குள் கட்டி முடிந்துவிடுகின்றன என்றும், தான் கர்ப்பவதி என்று இவள் ஐயமற அறியுமுன்பே அந்த வேலை நடந்து தீர்ந்துவிட்டதென்றும், பெரும்பாலான பிள்ளைகள் விஷயத்தில் இன்ன காரணமென்று எவராலும் சொல்ல முடியாதென்றும் எத்தனையோ தரம் எடுத்துச் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். காரணமில்லாத துன்பத்தைவிடத் தன்மேல் காரணமுள்ள துன்பத்தைத் தாங்குவது அவளுக்குச் சுலபமாயிருந்தது போலும். உயிருடன் பிறக்கும் ஆயிரம் பிள்ளைகளில் ஏறக்குறைய எட்டுப் பேருக்கு ஏதோவொரு இருதயக் குறை இருக்குமென்பது உலகக் கணக்கு. எங்கள் டிவிஷனில் ஆயிரம் பிரசவம் நடக்க எத்தனை தலைமுறை ஆகுமென்று நான் கணக்குப் போட்டுப் பார்த்தபோது, இப்படியொரு பிள்ளையை முன்பு கண்டதாகச் சொல்ல லயத்தில் ஒருவரும் இல்லாததன் நியாயம் விளங்கிற்று.

கணக்குத்தான் எனக்குத் தெரிந்த ஒரே பக்தி. உபயோகமற்ற செக்ரோல் (தொழிலாளர் வரவுப்பதிவு) தாளில் கோடு கிழித்து, காலை, மாலை, நடுச்சாமம் என்று மூச்சை ஒரு நிமிஷத்துக்கு எண்ணி எழுதினேன். ஊசியில்லாத ஊசிக்குழாயில் நீர் மருந்தை அளந்தேன். கிளினிக்கில் மாதமொருமுறை நிறுப்பது போதாமல், யாருமில்லாத நேரம் பார்த்துக் குழந்தையைப் பால் நிறுக்கும் தராசிலேயே வைத்தேன். சாக்கு விரித்திருந்தும் அந்தப் புளித்த வாடை பிடிக்காமல் முகத்தைச் சுளித்தாள். ஐந்தாம் மாதம், 4 கிலோ 600 கிராம். நிமிர்ந்தால் வாளியோடு இரண்டு பெண்கள் நின்றுகொண்டிருக்கிறார்கள்! வெட்கத்தால் என் காது சுட்டது. அவர்கள் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து, தம் பால் எத்தனை கிலோ என்று கேட்குமுன், "பாப்பா எத்தனங்கய்யா?" என்று கேட்பது வரிசையின் சம்பிரதாயமாகிவிட்டது. நூறு கிராம் ஏறியிருக்கிறதென்றால் வரிசையின் கடைசிவரை அந்தச் செய்தி போகும்.

சத்திரசிகிச்சைக்கு முறை வரும்வரை காத்திருந்த காலத்தில், இதே ஓட்டையை முதன்முதல் தைத்து மூடிய கதையை வாசித்தேன். 1954 மார்ச்சில், அமெரிக்காவின் மினசோட்டா சர்வகலாசாலையில், வால்டன் லிலஹை என்னும் வைத்தியர், ஒரு வயதைச் சிறிதே தாண்டிய பாலகனின் இருதயத்தைத் திறந்தபோது, அதன் வேலையை ஏற்று நடத்த அவரிடம் யந்திரம் இல்லை. பக்கத்து மேசையில் பிள்ளையின் தகப்பனைப் படுக்கவைத்து, இருவர் நாளங்களையும் குழாயால் இணைத்து, தகப்பனின் இருதயமும் நுரையீரலுமே பிள்ளைக்கும் சேர்த்து உழைக்கும்படி செய்தார். ஓட்டை மூடிற்று, பாலகனோ பதினோராம் நாள் நியுமோனியாவில் இறந்துபோனான். அம்முறையில் சத்திரசிகிச்சை செய்யப்பட்ட 45 பேரில் 28 பேர் உயிரோடு வீடு திரும்பினர். அந்தத் தகப்பனை நினைத்து நான் பரிதாபப்பட்டிருக்க வேண்டும். உள்ளதைச் சொன்னால், பொறாமைப்பட்டேன். யந்திரம் வந்தபின் தகப்பனுக்கு விதிக்கப்பட்டது வெளியே ஒரு பெஞ்சு.

அந்தப் பெஞ்சு எனக்குப் பொறளையில், ரிஜ்வே சிறுவர் வைத்தியசாலையில் கிடைத்தது. குழந்தையை உள்ளே கொண்டுபோகுமுன் தாதி, பாட்டி கட்டிய கறுப்புக் கயிற்றைக் கத்தரித்து, எறியாமல், ஒரு துண்டுப் பஞ்சில் சுற்றி என் மனைவியின் கையில் கொடுத்தார். அவர் பேசிய சிங்களத்தில் ஒரு சொல்கூட அவளுக்கு நினைவில்லை; அந்தப் பஞ்சு இன்னும் அலமாரியில் இருக்கிறது. பகல் கழிந்தது; அதைப்பற்றி எழுத ஒன்றுமில்லை. அவிசாவளை பஸ்ஸில் மூவருமாகத் திரும்பி வந்தோம் என்பது மாத்திரம் போதும்.

வீட்டுக்கு வந்த முதல் இரவு, வழக்கம்போல நடுச்சாமத்தில் எழுந்து, மூச்சை எண்ணுவதற்காகத் தழும்புக்கு இடப்புறம், பழகிய இடத்தில் உள்ளங்கையை வைத்தேன். கொர்ரென்ற அந்த அதிர்வு இல்லை. ஒருகணம் எனக்கு உடல் முழுதும் சில்லிட்டுவிட்டது. விளக்கைப் போட்டு மனைவியை உலுக்கினேன். அவள் பதறி எழுந்து, குழந்தையின் நெஞ்சையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "சத்தத்தக் காணோம்" என்றேன். அவள் என் கையை மெல்ல எடுத்து அப்புறப்படுத்திவிட்டு, "அதுக்குத்தானங்க கொழும்புக்குப் போனோம், படுங்க" என்றாள்.