கையும் கருவியும்

பெண்களின் இடையைக் கொடி என்றும் மின்னல் என்றும் நம் கவிகள் பாடியிருக்கிறார்கள். ஆனால் அந்த இடை பிடித்துக்கொண்டால் என்ன ஆகும் என்று எந்தக் கவியும் பாடியதாகத் தெரியவில்லை. பாடுவதற்கு அவர் உட்கார்ந்து எழுத வேண்டுமே! இடுப்புப் பிடித்தவனால் உட்கார முடியாது.

சென்ற புரட்டாசியில் எனக்கு அந்த அநுபவம் கிட்டியது. பேனா மூடி கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்தேன், குனிந்தபடியே நின்றுவிட்டேன். மலையைத் தூக்கியவனுக்கு வர வேண்டிய வலி மூடியைத் தூக்கப் போனவனுக்கு வந்துவிட்டது. தொடர்கதையில் அந்த வாரத்து அத்தியாயம் பாக்கி. பத்திரிகை ஆசிரியருக்கு என் கதாநாயகியின்மேல் இருக்கும் அக்கறை என் முதுகெலும்பின்மேல் இருக்க நியாயமில்லை அல்லவா?

வீட்டில் யோசனைகளுக்குப் பஞ்சமில்லை. தவிட்டு ஒத்தடம் என்றாள் என் மனைவி. ஊரிலிருந்து வந்திருந்த அத்தை, "காலைக் காட்டிப் பிறந்தவன் யாராவது ஒரு மிதி மிதித்தால் பறந்து போய்விடும்" என்றாள். அப்படிப் பிறந்தவனை எங்கள் தெருவில் எப்படி விசாரிப்பது? அடுத்த வீட்டு நண்பரோ, பதினைந்து நாள் அசையாமல் படுத்திருக்கச் சொன்னார்.

கடைசியில் ஒரு பிஸியோதெரபி நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். அதை நடத்துகிற அம்மாளுக்கு ஐம்பது வயதிருக்கும். முதலில் கேள்விகள்தான். கால் பலம் குறைந்திருக்கிறதா? தொடைகளுக்கு நடுவே மரத்திருக்கிறதா? சிறுநீர் போவதில் மாறுதல் உண்டா? காய்ச்சல் உண்டா? கீழே விழுந்தீர்களா? முன்பு புற்றுநோய் இருந்ததுண்டா? எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று கேட்டுக்கொண்ட பிறகே கையை வைத்தார்.

"இதில் ஒன்றுக்கு 'ஆமாம்' என்றிருந்தால், சார், உங்களைத் தொட்டே இருக்க மாட்டேன். நேரே டாக்டரிடம் அனுப்பியிருப்பேன்" என்றார்.

அவருடைய பெருவிரல்கள் இரண்டும் முதுகெலும்பின் ஓரமாக மெல்ல இறங்கி வந்து ஓரிடத்தில் நின்றன. நான் கத்துவதற்கு முன்பே, "இங்கேதானே?" என்றார். அந்த இடத்தை அழுத்திப் பிடித்து விட்டார்; முழங்காலை மார்புப் பக்கம் மடக்கினார்; இடுப்பை இப்படியும் அப்படியும் அசைத்தார். இருபது நிமிஷம் ஆயிற்று.

அடுத்தாற்போல் கருவி வந்தது. 'ஷாக்வேவ்' என்று பெயரைக் கேட்டதும், உடன் வந்திருந்த என் மனைவி, "கரண்டா வைக்கப் போகிறீர்கள்?" என்று எழுந்து நின்றுவிட்டாள். கரண்டு இல்லை, அலை. கம்ப்ரஸர் காற்று கைப்பிடிக்குள் இருக்கும் சிறு உலோகக் குண்டைத் தள்ள, அது முனையில் போய் மோத, அந்த அதிர்வு தோலைத் தாண்டித் தசைக்குள் பரவுகிறது. மரங்கொத்தி ஒன்று முதுகில் உட்கார்ந்து வேலை பார்ப்பது போன்ற சத்தம். நாலைந்து நிமிஷத்தில் 2,000 அடி!

இந்த வைத்தியத்தின் மூதாதை விமானத்திலிருந்து பிறந்தது என்றால் நம்புவீர்களா? ஒலியைவிட வேகமாகப் பறக்கும் விமானத்தில் மழைத்துளி மோதினால் என்ன சேதம் என்று ஜெர்மனியின் டோர்னியர் விமானக் கம்பெனி ஆராய்ந்தது. அந்த அலை ஞானம் வைத்தியர்களின் கைக்கு வந்தது. 1980-ஆம் ஆண்டு பிப்ரவரியில் மியூனிக் நகரில் ஒருவரைத் தண்ணீர்த் தொட்டியில் கிடத்தி, கத்தி வைக்காமலே அவருடைய சிறுநீரகக் கல்லை உடைத்தார்கள். பிற்பாடு அலை குதிகாலுக்கும் தோளுக்கும் வந்தது. இப்போது என் இடுப்புக்கும் வந்துவிட்டது.

மூன்றாம் தடவை போனபோது வலி பாதிக்குமேல் குறைந்திருந்தது. "தீர்த்தது கையா, கருவியா?" என்று கேட்டேன்.

"நாட்கள் என்று ஒன்று இருக்கிறதே, அதை விட்டுவிட்டீர்களே!" என்று சிரித்தார். "புதிதாகப் பிடித்த இடுப்பு முக்கால்வாசிப் பேருக்குச் சில வாரங்களில் தானே சரியாகிவிடும். சூட்டு ஒத்தடத்தையும் கை வைத்தியத்தையும் 2017-இல் அமெரிக்க வைத்தியர் சங்கமே சொல்லியிருக்கிறது. இந்தக் கருவிக்குக் குதிகாலில் இருக்கும் சாட்சி, புது இடுப்பு வலிக்கு அவ்வளவாக இல்லை. கையோடு சேர்த்துச் சிலருக்கு வைத்துப் பார்க்கிறேன். கர்ப்பிணிகளுக்கும் ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவர்களுக்கும் வைப்பதில்லை. கை வலியைத் தணித்து, நடக்கத் தைரியம் கொடுக்கும். நடப்பதுதான் வைத்தியம்."

படுக்கையைப் பற்றியும் கேட்டேன். 1986-லேயே அமெரிக்காவில் பரீட்சித்துவிட்டார்களாம். ஏழு நாள் படுக்கச் சொன்னவர்களைவிட, இரண்டே நாள் படுக்கச் சொன்னவர்கள் சீக்கிரம் வேலைக்குத் திரும்பினார்கள்.

நான் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தபோது உள்ளே வந்தவள் ஒரு தையற்காரப் பெண். அவளுக்கும் இடுப்பு; அவள் தொழிலும் என் தொழிலைப் போல உட்காரும் தொழில்தான். தீபாவளிக்கு மூன்று வாரமே இருந்தது.

"வேறோர் இடத்தில் பத்துத் தடவை இந்த மெஷின் வைக்க முன்பணம் கட்டச் சொல்கிறார்கள், அம்மா. தையல் மெஷினை அடகு வைக்கலாமா என்று பார்க்கிறேன்" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. என் இடுப்புக்குப் பணயம் ஓர் அத்தியாயம். அவள் இடுப்புக்குப் பணயம் அவள் பிழைப்பு. அந்த அம்மாள் அவளிடமும் அதே கேள்விகளைக் கேட்டார்; அதே பெருவிரல்களால் தடவிப் பார்த்தார்.

"மெஷினைத் தொடாதே, அம்மா" என்றார். "இரண்டு தடவை நான் கையால் பார்க்கிறேன். அரைமணிக்கு ஒரு தடவை எழுந்து நாலு அடி நட. ராத்திரி ஒத்தடம் கொடு. படுத்தே கிடக்காதே. கால் மரத்தாலோ, ஒன்றுக்குப் போவதில் கோளாறு வந்தாலோ அந்த நிமிஷமே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடு."

2020-இல் உலகத்தில் 61 கோடியே 90 லட்சம் பேருக்கு இடுப்பு வலி இருந்ததாகக் கணக்கெடுத்திருக்கிறார்கள். இத்தனை பேருக்குமுன் கருவியை வைத்து முன்பணம் கேட்பது சுலபம். தானே ஆறுகிற நாட்களுக்கு யாரும் பில் போட முடியாது. அதனால்தான் அந்த நாட்களைப் பற்றி நமக்குச் சொல்ல ஆள் குறைவாக இருக்கிறது. கருவியிடம் எனக்குப் பகை இல்லை. எங்கே வைப்பது என்று தெரிந்த கையும், யாருக்கு வேண்டாம் என்று சொல்லும் வாயும் அதனோடு சேர்ந்து இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுப் பணத்தை எடுங்கள் என்பதுதான் என் அபிப்பிராயம்.

தீபாவளிக்கு என் மனைவியின் ரவிக்கையைத் தைத்தது அந்தப் பெண்தான். சொன்ன நாளுக்கு இரண்டு நாள் தாமதம். ஆனால் அதற்கு இடுப்பைக் குறை சொல்ல முடியாது. தையற்காரர்களுக்கு அது எக்காலத்திலும் உள்ள வழக்கம்.