நீர்வேலிச் செம்மண் சொல்லித்தந்த பாடம்

யாழ்ப்பாணம் பேருந்து நிலையத்தில் இருந்து பருத்தித்துறை வீதியால் செல்லும் பேருந்தில் ஏறினால் நல்லூர், கல்வியங்காடு, இருபாலை, கோப்பாய் என்று ஊர்கள் ஒவ்வொன்றாகக் கடந்து போகும். கோப்பாயைத் தாண்டியதும் வாழைத் தோட்டங்கள் கண்ணில் படத் தொடங்கும். வாழைக்குப் பெயர்போன நீர்வேலி அதுதான்.

மாசி மாதத்துக் காலைப்பொழுது. பனி இன்னும் விலகவில்லை. ஒழுங்கைக்குள் இறங்கி நடக்கும்போது மாம்பூ வாசம் மூக்கில் ஏறியது. வழி எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால், அந்த அக்கா வீட்டுப் படலையைத் தட்டத்தான் 2021ஆம் ஆண்டுக்குப் பின்னர் எனக்குத் துணிவு வரவில்லை.

அந்த ஆண்டை நம்மில் யாரும் மறந்திருக்க மாட்டோம். மே மாதத்தில் இரசாயன உரங்களினதும் கிருமிநாசினிகளினதும் இறக்குமதி வர்த்தமானி மூலம் தடைசெய்யப்பட்டது. நவம்பரில் அத்தடை நீக்கப்படும்வரை தோட்டக்காரர்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். நான் அப்போது ஒரு தொண்டு நிறுவனத்தில் வெளிக்கள உத்தியோகத்தராக இருந்தேன். மாதர் சங்கக் கூட்டங்களில் இயற்கை முறை பற்றிப் பேசும் பொறுப்பு என்னிடம் வந்தது. படித்தது சமூகவியல். கையில் இருந்தது இரண்டு பக்கத் துண்டுப்பிரசுரம். வேப்பங்கொட்டையும் உள்ளியும் இருந்தால் பங்கசு நோய் எதையும் மாற்றிவிடலாம் என்று அடித்துச் சொன்னேன்.

அதை நம்பியவர்களில் ஒருவர் இந்த அக்கா. கணவரை இழந்தவர். இரண்டு பெண்பிள்ளைகள். நாலு பரப்புக் காணியில் வாழை. அவருடைய வாழைகளில் சிலவற்றின் அடி இலைகள் ஓரத்தில் இருந்து மஞ்சளாகி, தண்டோடு ஒடிந்து பாவாடை போலத் தொங்கின. நான் சொன்னபடி வேப்பங்கொட்டைச் சாற்றையும் உள்ளிச் சாற்றையும் அடியில் ஊற்றிக்கொண்டே இருந்தார். ஒரு மாதத்துக்கு மேல் ஊற்றினார். நோய் நிற்கவில்லை. வாய்க்காலால் தண்ணீர் பாயப் பாய அடுத்தடுத்த பாத்திகளுக்கும் போனது.

கடைசியில் விவசாயப் போதனாசிரியர் வந்து ஒரு தண்டைக் குறுக்கே வெட்டிக் காட்டினார். உள்ளே செம்மண்ணிறக் கோடுகளும் வளையங்களும். பனாமா வாடல் நோய். பியூசேரியம் என்னும் பங்கசு மண்ணில் இருந்து வேர் வழியாக ஏறி, தண்ணீர் போகும் குழாய்களையே அடைத்துவிடுகிறது. அதற்கு வெளியே ஊற்றும் சாறு எதுவும் மருந்தாகாது. கண்டவுடன் கிழங்கோடு தோண்டி அழித்து, அந்த இடத்துக்குத் தண்ணீர் பாய்வதை நிறுத்தியிருக்க வேண்டும். நோயில்லாத இடத்துக் குட்டிகளைத்தான் நட வேண்டும். அந்த ஒரு மாதத்தை வீணாக்கியது என் வார்த்தை. தோட்டத்தில் பாதி போனது. பெரிய மகளின் வகுப்புக் காசுக்காக அக்கா காதுத்தோட்டை ஈடு வைத்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

படலையைத் தட்டினேன். "ஆர் பிள்ளை, நீங்களோ? வாங்கோ, உள்ளுக்க வாங்கோ" என்றார். ஒரு கடுஞ்சொல் இல்லை. தேநீர் வந்தது. நான் தயங்கித் தயங்கி மன்னிப்புக் கேட்டேன். "நீங்கள் நல்லதுக்குத்தானே சொன்னனீங்கள். ஆனா பிள்ளை, எந்த வருத்தத்துக்கு எந்த மருந்து எண்டு பாக்காமல் சொல்லக்கூடாது" என்றார். பல்கலைக்கழகத்தில் எனக்கு எவரும் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லித் தரவில்லை.

பிறகு தோட்டத்துக்கு அழைத்துப் போனார். வாடல் கண்ட காணியில் இப்போது வாழை இல்லை. அந்தப் பங்கசு மண்ணில் பல்லாண்டுகள் உயிரோடு கிடக்கும் என்பதால் பப்பாசியும் மரக்கறியும் வைத்திருக்கிறார். வியப்பு என்னவென்றால், அன்று தோற்றுப்போன அதே சாறுகளை அவர் கைவிடவில்லை. அவை எங்கே வேலை செய்யும் என்று தேடிக் கண்டுபிடித்திருக்கிறார்.

பப்பாசியிலும் மாவிலும் கரும்புள்ளி விழுந்து பழம் அழுகும் நோய் ஒன்று உண்டு. அந்திரக்னோஸ் என்பார்கள். இதன் வித்திகள் பூவிலும் பிஞ்சிலும் வந்து ஒட்டி, தோலோடு அடங்கிக் கிடந்து, பழுக்கும்போதுதான் வெளியே தலைகாட்டும். மரத்தில் அழகாக இருந்த காய் வாங்கியவர் வீட்டில் அழுகுவது இதனால்தான். பனியும் மழையும் இதற்கு வாய்ப்பு. வித்தி தோலின் மேல் முளைக்கும் முன்னர் தடுத்தால் பயன் உண்டு. உள்ளே இறங்கிய பின் சாறு தெளித்துப் பலனில்லை.

உள்ளியை இடிக்கும்போது உண்டாகும் அலிசின் என்ற பொருள் பல பங்கசுகளின் வளர்ச்சியைத் தடுப்பதை ஆய்வுகூடங்களில் கண்டிருக்கிறார்கள். ஆனால் அது விரைவில் சிதைந்துவிடும். அதனால் அக்கா இடித்தவுடன் வடித்து அன்றே தெளிக்கிறார், காய்ச்சுவதில்லை. வேப்பங்கொட்டைச் சாறு பெரும்பாலும் பூச்சிகளுக்கானது. மாம்பூவில் சாறு உறிஞ்சும் தத்துப்பூச்சிகள் இனிப்பான கழிவை விடுகின்றன. அதன் மேல்தான் இலைகளில் கரும்பூஞ்சணம் படர்கிறது. பூச்சி குறைந்தால் பூஞ்சணமும் குறையும்.

நமது கறுவாவுக்கும் இதில் இடமுண்டு. களனிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கறுவா, கராம்பு எண்ணெய்கள் வாழைச்சீப்பின் காம்பழுகலை உண்டாக்கும் பங்கசுகளைக் கட்டுப்படுத்துவதை 2002இல் வெளியிட்டார்கள். அறுவடைக்குப் பிந்திய நோய் அது. அங்கேயும் பங்கசு இருப்பது வெட்டுவாயில், மருந்து எட்டும் இடத்தில்.

அக்காவின் முறையை எழுதி வந்தேன். ஆடியில் பொறுக்கி நிழலில் உலர்த்திய வேப்பங்கொட்டையின் பருப்பு 500 கிராம் எடுத்து இடித்து, 10 லீற்றர் தண்ணீரில் இரவு முழுவதும் ஊறவிட்டு, துணியால் வடித்து, சிறிது சவர்க்காரக் கரைசல் கலந்து பின்னேரத்தில் தெளிக்கிறார். வெயிலில் அதன் வீரியம் கெட்டுவிடும். மழை கழுவினால் மீண்டும் தெளிக்க வேண்டும். புதிதாகச் செய்யும்போது முதலில் இரண்டு இலைகளில் தெளித்து, கருகுகிறதா என்று ஒருநாள் பார்க்கிறார். இவை எல்லாவற்றுக்கும் முன்னால் செய்யும் வேலை வேறு: விழுந்த பழங்களையும் காய்ந்த பூங்கொத்துகளையும் பொறுக்கி அகற்றுவது, காற்றும் வெளிச்சமும் புகக் கிளை நறுக்குவது. "கூட்டிப் பெருக்காமல் மருந்தடிச்சு என்ன பிரயோசனம்?" என்கிறார்.

இலைச்சாறு என்றால் தீங்கில்லை என்றும் எண்ணிவிட வேண்டாம். புகையிலைச் சாறு பங்கசுக்கு மருந்தல்ல. அதிலுள்ள நிக்கொட்டின் தோல் வழியாகவும் உடம்பில் ஏறும் நஞ்சு. அலரியும் அப்படியே நஞ்சு. எதைத் தெளித்தாலும் அது மண்ணில் இறங்கும். ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லாத குடாநாடு இது. சுண்ணாம்புக்கல்லின் ஊடாகக் கீழே போவதுதான் கிணற்றில் நம் குடத்துக்கு வருகிறது.

அக்காவிடம் ஒரு கொப்பி இருக்கிறது. சென்ற பருவத்தில் சில பப்பாசிகளுக்குத் தெளித்தும் சிலவற்றை அப்படியே விட்டும் பார்த்திருக்கிறார். தெளித்த மரங்களில் பழுது குறைவு, இல்லாமல் போகவில்லை. உயர்ந்த மாமரத்தின் உச்சிக்கு எட்டுவதில்லை என்றும் எழுதியிருக்கிறார். இன்னொரு பக்கத்தில் கொட்டை பொறுக்கியது, இடித்தது, வடித்தது என்று மணித்தியாலக் கணக்கு. "கடையில போத்தல் வாங்கினால் காசு தெரியுது. எங்கட கை நோவுக்குக் கணக்கில்லை. அதுதான் எழுதுறன்" என்றார்.

அந்தப் பக்கம் என்னை நெடுநேரம் நிறுத்தியது. இயற்கை விவசாயம் செலவில்லாதது என்று மேடைகளில் சொல்கிறோம். செலவு இருக்கிறது. அதைப் பெண்கள் கையால் கட்டுகிறார்கள். இப்போது அந்த ஒழுங்கையில் நான்கு வீட்டுப் பெண்கள் முறைவைத்து ஒன்றாகக் கொட்டை பொறுக்கி இடிக்கிறார்கள். பழத்துக்கு விலை சொல்லும்போது அந்த மணித்தியாலங்களையும் சேர்த்தே சொல்கிறார்கள்.

சகோதரிகளே, உங்கள் வளவில் ஒரு மரம் வாடினால் முதலில் விவசாயப் போதனாசிரியரை அழைத்துக் காட்டுங்கள். நோயின் பெயர் தெரிந்த பின்னர் மருந்தைத் தேடுங்கள். என்னைப் போல ஒருத்தி துண்டுப்பிரசுரத்தோடு வந்தால் "இது எந்த வருத்தத்துக்கு?" என்று கேளுங்கள்.

புறப்படும்போது அக்கா ஒரு பப்பாசிப்பழம் தந்தார். ஒரு பக்கத்தில் சிறு கரும்புள்ளி. "சந்தைக்குக் குடுக்கேலாது. அந்த இடத்தை ஆழமா வெட்டிப்போட்டுச் சாப்பிடுங்கோ, நல்ல இனிப்பு" என்றார். வீட்டுக்கு வந்து அப்படியே வெட்டிச் சாப்பிட்டோம். நல்ல இனிப்புத்தான்.