பெர்ன் நகரத்து ஜன்னல்கள்

ஒரு குடும்பத்தின் குணத்தை அறிய வேண்டுமானால் வீட்டுக்குள்ளே போக வேண்டியதில்லை, வாசலைப் பார்த்தாலே போதும் என்று நம் பெரியவர்கள் சொல்வதுண்டு. நீர் தெளித்துக் கோலம் போட்ட வாசல் ஒன்று சொல்லும். பெருக்காத வாசல் வேறொன்று சொல்லும். ஸ்விட்ஜர்லாந்து தேசத்தில் இந்த வேலையை வாசல் செய்வதில்லை, ஜன்னல் செய்கிறது. அந்தத் தேசத்து மத்திய சர்க்கார் 1848-ம் வருஷம் முதல் வீற்றிருக்கும் பெர்ன் நகரத்துக்கு ஓர் ஆகஸ்டு மாதக் கடைசியில் நாம் போயிருந்தபோது, அந்த ஜன்னல்களில் ஒன்று நம்மிடம் ஒரு பொய் சொல்லிற்று. அந்தப் பொய்யைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

ஆறு வளைத்த ஊர்

ஜூரிச் நகரத்தில் ரயில் ஏறினால் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் பெர்ன் வந்துவிடுகிறது. ஆரே நதி பழைய நகரத்தை மூன்று பக்கமும் கட்டிப் பிடித்துக்கொண்டு ஓடுகிறது. தண்ணீரின் நிறம் பச்சையா நீலமா என்று தீர்மானிப்பதற்குள் அது நம்மைக் கடந்து வெகு தூரம் போய்விடுகிறது, அவ்வளவு வேகம்! நதி வளைத்த இந்த மேட்டில், 1191-ம் வருஷத்தில், ஸேரிங்கன் வம்சத்துப் பிரபுவான ஐந்தாம் பெர்ட்டோல்டு நகரத்தை நிறுவினான். 1405-ல் ஒரு பெருந்தீ மூண்டு மர வீடுகளையெல்லாம் விழுங்கிற்று. பட்டுத் தெரிந்துகொண்ட ஜனங்கள் பிறகு மணற்கல்லால் கட்ட ஆரம்பித்தார்கள்.

அந்தக் கல்லின் நிறத்தை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். சாம்பலும் பச்சையும் கலந்த நிறம். மழைக்கு முந்திய மேகத்தைப் போன்றது. தெருக்களின் இரு பக்கத்திலும் வீடுகளுக்கு அடியிலேயே வளைவு வளைவாக நடைபாதை போகிறது. இப்படிக் கூரை போட்ட பாதை ஏறக்குறைய 6 கிலோமீட்டர் தூரம் இருக்கிறது. அடை மழையில்கூடக் குடையில்லாமல் கடை கடையாகப் போய் வரலாம். நடைபாதையின் ஓரத்தில் சாய்வான மரக் கதவுகள் தெரிகின்றன. திறந்தால் படிகள் நிலவறைக்கு இறங்குகின்றன. இத்தனையும் சிதையாமல் காப்பாற்றி வைத்திருப்பதற்காக 1983-ம் வருஷத்தில் யுனெஸ்கோ ஸ்தாபனம் இந்தப் பழைய நகரத்தை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றுக்கொண்டது.

ஆனால் மேகம் போன்ற கல்லை ஆறு மாதம் இடைவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தால் மனிதனுக்கு மனச் சோர்வு வந்துவிடும் அல்லவா? பெர்ன் ஜனங்கள் அதற்கு ஒரு மருந்து கண்டுபிடித்திருக்கிறார்கள். கோடை காலத்தில் எந்த வீட்டை அண்ணாந்து பார்த்தாலும் ஜன்னலுக்கு வெளியே இரும்புக் கொக்கியில் ஒரு நீளத் தொட்டி. தொட்டி நிறையச் சிவப்பு ஜெரேனியம். தெரு நடுவே நிற்கும் பழைய நீரூற்றுகளின் விளிம்பிலுங்கூட அதே சிவப்பு!

கொக்கும் நாரையும்

உதகமண்டலத்துக்கும் கோடைக்கானலுக்கும் போயிருக்கும் நேயர்களுக்கு ஜெரேனியத்தை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பழைய பங்களாக்களின் வாசல் தொட்டிகளில் இலையைக் கசக்கினால் கம்மென்று மணக்கும் செடிதான் அது. ஸ்விஸ் கிராமத்துப் படமென்றால் இந்தப் பூ இல்லாமல் இராது. ஆகையால் அது ஆல்ப்ஸ் மலையில் பிறந்த செடி என்றே நாம் எண்ணியிருந்தோம். விசாரித்துப் பார்த்தால் அதன் பிறந்தகம் தென் ஆப்பிரிக்கா! கப்பலேறி ஐரோப்பாவுக்கு வந்தது பதினேழாம் நூற்றாண்டில். அதன் காய் கொக்கின் மூக்கைப் போல் நீண்டிருப்பதால், கிரேக்க பாஷையில் கொக்கைக் குறிக்கும் சொல்லிலிருந்து ஜெரேனியம் என்ற பெயர் வந்தது. 1789-ல் லெரித்தியே என்ற பிரெஞ்சு சாஸ்திரி, இது வேறு இனம் என்று கண்டு, நாரையைக் குறிக்கும் சொல்லிலிருந்து பெலர்கோனியம் என்ற பெயரை நிலைநாட்டினார். சாஸ்திரிகள் நாரை என்று ஒப்புக்கொண்டார்கள். ஜனங்களோ இன்றைக்கும் கொக்கைப் பிடித்த பிடியை விடவில்லை.

வெப்பதேசத்துச் செடியாகையால் உறைபனி பட்டால் கருகிவிடும். மே மாதம் 11-ம் தேதியிலிருந்து 15-ம் தேதி வரையில் வரும் ஐந்து புனிதர்களின் நாட்களைப் ‘பனிப் புனிதர்கள்’ என்று சொல்கிறார்கள். அந்த ஐவரும் போன பிறகுதான் தொட்டியை வெளியே மாட்டலாம் என்பது பாட்டிமார் சாஸ்திரம். அந்த மாதத்தில் பார்லிமெண்டு கட்டடத்துக்கு எதிரே உள்ள சதுக்கத்தில் ஜெரேனியச் சந்தை கூடுகிறது. வாங்கி வந்து மாட்டிவிட்டால் வேலை முடிந்ததா? கோடையில் தினந்தோறும் தண்ணீர் விட வேண்டும். வாடிய கொத்தைக் கிள்ளி எறிந்தால்தான் புதுக் கொத்து வரும். இலையுதிர் காலத்தில் கழற்றிக் குளிர்ந்த நிலவறையில் வைத்து, மறு வசந்தம் வரையில் உயிர் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாம் மாடி ஜன்னல்

நாம் தங்கிய வீடு இருந்த தெருவின் பெயர் கெரெக்டிகைட்ஸ்காஸ்ஸெ. அதை உச்சரித்து முடிப்பதற்குள் தெருவே முடிந்துவிடும் போலிருந்தபடியால், ‘நீதித் தெரு’ என்று அதன் பொருளையே பெயராக வைத்துக்கொண்டோம். வீட்டுக்குச் சொந்தக்காரி எண்பது வயது தாண்டிய ஒரு மூதாட்டி. மூன்றாம் மாடியில் அவருடைய இரண்டு ஜன்னல்களிலும் பூ குலுங்கிற்று. நாம் வந்த அன்றே, “இந்தத் தெருவிலேயே உங்கள் ஜன்னல்தான் அழகு, அம்மா!” என்று சொன்னோம். அவர் சிரித்தாரே தவிர, பதில் சொல்லவில்லை.

முதல் நாள் அவர் தண்ணீர் விட்டதைக் காணவில்லை. இரண்டாம் நாளும் காணவில்லை. எதிர் வீட்டு அம்மாள் மாலைதோறும் பூவாளியும் கையுமாய் நிற்கையில், நம் வீட்டுப் பூக்கள் மட்டும் தண்ணீர் குடிக்காமலே தளதளவென்றிருந்தன. மூன்றாம் நாள் காலை அவர் கடைக்குப் போன சமயம் பார்த்து ஓர் இதழைத் தொட்டோம். துணி! இலையைத் தொட்டோம். பிளாஸ்டிக்! தண்டுக்குள்ளே கம்பி! காற்று தூக்கிக்கொண்டு போகாமல் தொட்டியின் அடியில் கூழாங்கற்கள்!

நமக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. கடல் கடந்து வந்த பிரயாணியை இப்படியும் ஏமாற்றலாமா? ஊர் முழுவதும் உண்மை பூத்திருக்கையில் ஒரு ஜன்னல் மட்டும் பொய் பூக்கலாமா? அன்று பகல் முழுவதும் இந்த வாக்கியங்களை மனத்துக்குள் உருட்டிக்கொண்டே திரிந்தோம்.

மாலையில் மூதாட்டி தாமாகவே பேச்சை எடுத்தார். ஓர் இதழை நாம் கோணலாக வைத்துவிட்டிருந்தோம்; அதைக் கண்டுபிடித்துவிட்டார் போலும்!

“ஐம்பது வருஷம் நிஜப் பூதான் வைத்தேன்” என்றார். “மண்ணும் தண்ணீருமாக ஒரு தொட்டி 15 கிலோவுக்குக் குறையாது. நிலவறையிலிருந்து மூன்று மாடி ஏற்ற வேண்டும். முதலில் கணவர் ஏற்றினார். அவர் போன பிறகு நானே ஏற்றினேன். பிறகு முழங்கால் போய்விட்டது. ஒரு கோடை முழுவதும் ஜன்னலைக் காலியாக விட்டேன். கீழே போகிறவர்களெல்லாரும் நிமிர்ந்து பார்த்துவிட்டு, இந்த வீட்டில் யாரோ இறந்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு போவதைப் போல் எனக்குத் தோன்றும். அடுத்த வருஷம் என் மகன் இதை வாங்கி வந்தான்.”

“எதிர் வீட்டு அம்மாளுக்குத் தெரியுமா?” என்று கேட்டோம்.

“தெரியாமல் இருக்குமா? மாதம் ஒரு முறை இதன் மேலுள்ள தூசியை ஈரத் துணியால் துடைப்பேன். அப்போது அவள் கையை ஆட்டுவாள். அவ்வளவுதான்.”

பூக்களைச் செய்த கைகள்

அன்று இரவு நாம் யோசித்துப் பார்த்தோம். நிஜப் பூவின் சார்பில் நாம் தயார் செய்த வாதங்கள் ஒவ்வொன்றாய்க் கழன்று விழுந்தன. இந்த மண்ணுக்குரிய பூ என்று சொல்லலாமா? ஜெரேனியமே அயல் தேசத்துச் சரக்கு. தேனீக்களுக்கு உணவு என்று சொல்லலாமா? தொட்டிகளில் வளர்க்கும் ஜெரேனிய வகைகளைத் தேனீக்கள் பெரும்பாலும் எட்டிப் பார்ப்பதேயில்லை. மனிதருடைய உழைப்பு இருக்கிறது என்று சொல்லலாமா? அங்கேதான் நமக்கு ஹாங்காங் ஞாபகம் வந்தது.

1950-க்கும் 1970-க்கும் இடையில் உலகத்து வீடுகளை அலங்கரித்த பிளாஸ்டிக் பூக்களில் பெரும் பகுதி ஹாங்காங்கில் உற்பத்தியாயிற்று. இதழ்களை அச்சில் வார்ப்பதற்கு இயந்திரம் உண்டு. ஆனால் இதழை இதழோடு சேர்த்துத் தண்டில் கோப்பதற்குக் கைதான் வேண்டும். தொழிற்சாலையிலிருந்து மூட்டையாக எடுத்து வந்து, தாயும் பிள்ளைகளும் ஒரே அறைக் குடியிருப்பில் உட்கார்ந்து கோத்தார்கள். 1967-ம் வருஷம் மே மாதத்தில் ஸான் போ கோங் என்ற பகுதியில் ஒரு செயற்கைப் பூத் தொழிற்சாலையில் மூண்ட தொழில் தகராறு, மாதக் கணக்கில் நகரத்தையே கலக்கிய பெருங் கலவரமாக வளர்ந்தது. இன்றைக்கு இந்தத் தொழில் பெரும்பாலும் சீனாவின் பெருநிலத்துக்குப் போய்விட்டது. கைகள் கோப்பது மட்டும் நிற்கவில்லை. வாடாத பூவின் பின்னாலும் வாடிய விரல்கள் இருக்கத்தான் இருக்கின்றன.

ஆயினும் ஒரு வித்தியாசம் உண்டு. நிஜப் பூ வாடினால் மண்ணோடு மண்ணாய்ப் போகும். இந்தப் பூ வெளுத்துக் குப்பைக்குப் போன பிறகும் நெடுங்காலம் அழியாது. ஒருவருடைய ஜன்னலுக்கு அது பொருந்தலாம். ஊர் முழுவதும் அதையே மாட்டிக்கொண்டால் குப்பை மேட்டில்தான் நித்திய வசந்தம் பூத்திருக்கும்.

நீதிதேவதையின் அடியில்

புறப்படும் நாளன்று மூதாட்டி நம்மிடம் ஓர் உதவி கேட்டார். “கீழே போய்த் தெருவில் நின்று பாருங்கள். சிவப்பு இன்னும் சிவப்பாகத் தெரிகிறதா? ஊரிலுள்ளவர்களைக் கேட்டால் எல்லாரும் நன்றாயிருக்கிறது என்றே சொல்கிறார்கள். நீங்கள் இன்றைக்கே போய்விடுகிறவர்கள். நிஜத்தைச் சொல்லலாம்.”

இறங்கிப் போனோம். நீதித் தெருவில் 1543-ல் அமைத்த ஒரு நீரூற்று இருக்கிறது. அதன் உச்சியில், கண்ணைக் கட்டிக்கொண்டு, ஒரு கையில் வாளும் மறு கையில் தராசுமாய் நீதிதேவதை நிற்கிறாள். அவள் காலடியில் போப்பாண்டவர், சக்கரவர்த்தி, சுல்தான், நகரத் தலைவர் நால்வரும் சிறிய உருவங்களாகக் குறுகி இருக்கிறார்கள். தேவதைக்குக் கண் கட்டியிருந்தபடியால் தீர்ப்புச் சொல்லும் பொறுப்பு நம் தலையில் விழுந்தது.

நிமிர்ந்து பார்த்தோம். சுற்றிலும் நிஜமான சிவப்பு. மூன்றாம் மாடியில் வலது ஜன்னல் அதோடு கலந்து நின்றது. இடது ஜன்னல் வெயில் படும் பக்கம். அங்கே சிவப்பு வெளுத்து, பல முறை துவைத்த சேலையின் நிறத்துக்கு வந்திருந்தது. ‘நன்றாயிருக்கிறது’ என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ரயிலுக்குப் போவது எவ்வளவு சுலபம்! படியேறும்போது மூன்று மாடியும் அதே யோசனைதான். அவர் முழங்கால் எத்தனை ஆயிரம் முறை இந்தப் படிகளை ஏறியிருக்கும் என்ற எண்ணமும் கூடவே வந்தது.

“வலது பக்கம் நன்றாயிருக்கிறது, அம்மா. இடது பக்கம் வெளுத்துவிட்டது. இங்கே ஜன்னல் பக்கத்திலிருந்து பார்த்தால் தெரியாது, தெருவிலிருந்து தெரிகிறது” என்று சொன்னோம்.

அவர் முகம் மலர்ந்தது! “அப்படித்தான் நானும் சந்தேகித்தேன்” என்றார். மகனுக்கு எழுதுவதற்காக ஒரு காகிதத்தில் குறித்துக்கொண்டார். பிறகு சமையலறையிலிருந்து ஒரு சிறிய மண் தொட்டியை எடுத்து வந்து காட்டினார். அதில் ஒரே ஒரு ஜெரேனியம், நிஜமானது. ஓர் இலையைக் கிள்ளிக் கசக்கி நம் கையில் வைத்தார். “இது எனக்கு, அது தெருவுக்கு” என்றார்.

ஊர் வந்து சேர்ந்து, பெட்டியும் படுக்கையுமாக நம் வீட்டு வாசலில் நின்றபோது, நிலைப்படிக்கு மேலே பிளாஸ்டிக் மாவிலைத் தோரணம் ஒன்று காற்றில் ஆடி நம்மை வரவேற்றது. இரண்டு வருஷத்துக்கு முன்பு ஒரு பண்டிகைக்காக வாங்கி மாட்டியது. கொல்லையில் மாமரம் இருக்கிறது, ஏணி இருக்கிறது, கடவுள் கிருபையால் நமக்கு முழங்காலும் நன்றாயிருக்கிறது. மூதாட்டிக்கு இருந்த காரணங்களில் ஒன்றுகூட நம்மிடம் இல்லை.

அதைக் கழற்றித் தூசி தட்டி எடுத்து வைத்திருக்கிறோம். ஏணி ஏற முடியாத காலம் நமக்கும் வரும்; அப்போது மறுபடியும் மாட்டிக்கொள்ளலாம்.